சோலையோர விசில்

“ஏன் அம்மிணி, உங்கப்பா நெசமாவே காட்டுமாட்டைப் பாத்துட்டுத்தான் விசில் ஊதறாரா, இல்ல சும்மாவா?”

காளியம்மாள் அத்தை இப்படிக் கேட்டபோது சசிரேகா தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அம்மாவுக்குக் கொண்டுவந்த டீத்தூக்கு இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பாதி நிரம்பிய பைகளோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

சசிக்குப் பதில் தெரியும். அப்பா சும்மா ஊதுகிறவர் இல்லை. ஆனால் அந்தப் பதில் தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அவளுடைய பதில்கள் எல்லாமே அப்படித்தான். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் அவளுக்கு விடை தெரிந்திருக்கும். அது வெளியே வந்து சேர்வதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

“சரி விடுங்க. இந்தப் புள்ள வாயத் தொறக்கறதுக்குள்ள மாடு கன்னு போட்டு, அதுக்குப் பேரும் வெச்சுரும்” என்றார் காளியம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டீத்தூக்கை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லூத்து எஸ்டேட் குன்னூருக்குக் கீழே, மலை சரிந்து இறங்கும் இடத்தில் இருந்தது. மேலே ரோடு. அதற்குக் கீழே பச்சைக் கம்பளம் போலத் தேயிலை. அதன் இடது ஓரத்தில் இருண்ட சோலைக்காடு. அந்தச் சோலையிலிருந்துதான் காட்டெருமைகள் வரும். தோட்டத்தில் எல்லாரும் அவற்றைக் காட்டுமாடு என்றே சொல்வார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேன் அளவு இருக்கும்.

அவ்வளவு பெரிய மாடு தேயிலைக்குள் படுத்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. குனிந்து கொழுந்து பறிக்கிறவர்கள் அதன் பக்கத்தில் போன பிறகுதான் பார்ப்பார்கள். அப்போது ஓட நேரம் இருக்காது.

அதனால்தான் அங்கே ஒரு காவல் வேலை இருந்தது. சசியின் அப்பா இராஜமாணிக்கம் தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, தோட்டத்தின் வலது ஓரத்தில் இருக்கும் பெரிய பாறைமேல் ஏறி நிற்பார். மாடு வருவது தெரிந்தால் மூன்று நீள விசில். அதைக் கேட்டதும் எல்லாரும் பறிப்பதை விட்டுவிட்டு மேலே ரோட்டுக்கு ஏறிவிட வேண்டும். மாடு போய்விட்டால் இரண்டு குட்டை விசில். மறுபடியும் இறங்கலாம்.

முன்பு அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை செய்தார். ஒரு மழைநாளில் சரிவில் விழுந்து கால் உடைந்தது. கால் கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். சுமை தூக்க முடியாது. நின்று பார்த்து விசில் ஊதும் வேலை அவருக்குப் பொருத்தமாக இருந்தது. அவர் விசிலை ஊரே நம்பியது.

இந்தக் கோடை மழைக்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது.

மழை பெய்து கொழுந்து பொங்கிவந்த நேரம். பெண்கள் வேகவேகமாகப் பறித்துக்கொண்டிருப்பார்கள். மூன்று நீள விசில் கேட்கும். அடித்துப் பிடித்து ரோட்டுக்கு ஓடுவார்கள். மூச்சு வாங்க நின்று பார்த்தால் மாடும் இருக்காது, மாட்டின் வாலும் இருக்காது. அப்பா பாறையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்து, “நான் ஊதவே இல்லீங்க” என்பார்.

ஒரு தடவை என்றால் சரி. தினமும் இப்படி என்றால் யார் நம்புவார்கள்? ஓடி ஏறி இறங்குவதற்குள் வேலை நேரம் போய்விடும். பை நிரம்பாது. எடை குறைந்தால் கூலியும் குறையும்.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். பயந்து சாகிறார் என்று சிலர் சொன்னார்கள். சூப்பர்வைசர் ராஜசேகர் அப்பாவைத் தனியே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கொழுந்து ஏன் குறைகிறது என்று ஆபீசில் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ஒருக்கா மாடு இல்லாம விசில் கேட்டுச்சுன்னா வேற ஆளைப் போடச் சொல்லிருவாங்கண்ணா. என்ற கையில ஒண்ணுமில்ல” என்றார்.

அன்று சாயங்காலம், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் அம்மா ராஜி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். திருப்பூரில் இருக்கும் மாமாவிடம் சொன்னால், பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஏதாவது கிடைக்குமாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்விட்டால் சசியையும் அங்கேயே சேர்த்துவிடலாமாம்.

அப்பா கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசிலை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சசிக்குச் சோறு இறங்கவில்லை. திருப்பூரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே காலையில் எந்தப் பறவை முதலில் கத்தும் என்றுகூடத் தெரியாது.

யாரோ ஒரு குறும்புக்காரன் சோலைக்குள் ஒளிந்துகொண்டு விசில் ஊதுகிறான் என்பது அப்பாவின் எண்ணம். அவனை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்றார்.

“நானும் வர்றேன்ப்பா” என்றாள் சசி. வீட்டுக்குள் என்றால் அவளுக்குப் பேச்சு வரும்.

மறுநாள் காலையில் இருவரும் பாறைமேல் இருந்தார்கள். பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. அப்பா கையில் தடியோடு சோலை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது ஒரு சட்டை தெரிகிறதா, ஒரு தலை தெரிகிறதா என்று தேடினார்.

சசி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் ஆளைத் தேடினார்கள். அவள் சத்தத்தைத் தேடினாள்.

கீழே ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி இழுத்து இழுத்துப் பாடியது. ரோட்டோர வேலியில் கொண்டைக்குருவிகள் பேசிக்கொண்டன. தேயிலைக்கு அடியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வழக்கம்போலச் சண்டை போட்டது. இந்தக் குரல்கள் எல்லாம் அவளுக்குப் பக்கத்து வீட்டுக் குரல்கள் மாதிரி. யார் எங்கே இருப்பார்கள் என்றும் தெரியும்.

அப்போது சோலை ஓரத்திலிருந்து மூன்று நீள விசில் வந்தது.

சசி அப்பாவைப் பார்த்தாள். அவருடைய விசில் கழுத்துக் கயிற்றில் சும்மா தொங்கியது.

அப்பா தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். “யாரப்பா அது? வெளிய வா. ஒண்ணும் செய்ய மாட்டேன்” என்று ஒவ்வொரு புதராகப் பார்த்துக்கொண்டே போனார். சசி அவர் பின்னாலேயே போனாள். ஆனால் அவள் புதர்களைப் பார்க்கவில்லை. விசில் தரையிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது.

விசில் நின்றதும் ஒரு கழுகின் கூவல் கேட்டது. சசி வானத்தைப் பார்த்தாள். கழுகு இல்லை. கூவல் நின்றதும் தவிட்டுக்குருவிகள் கத்தின.

சசிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத்தான் இருக்கும். தரையில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். இது ஒரே ஒரு குரல். அதுவும் உயரமான மரத்தின் உச்சியிலிருந்து. தவிட்டுக்குருவிக்கு அங்கே என்ன வேலை?

அவள் அண்ணாந்து பார்த்தாள். சோலையின் முதல் மரத்தில், பட்ட கிளை ஒன்றில், ஒரு கறுப்புப் பறவை உட்கார்ந்திருந்தது. வெயில் பட்டதும் அதன் கறுப்பு நீலமாக மின்னியது. நெற்றியில் ஒரு சின்னக் குடுமி. அது கிளையை விட்டுப் பறந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. அப்போது அதன் பின்னால் இரண்டு கருவண்டுகள் துரத்திக்கொண்டே வந்தன.

வண்டுகள் இல்லை. அவை அதன் வால்தான். வாலிலிருந்து கம்பி போல இரண்டு இறகுகள் நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டித் துடுப்பு இருந்தது.

சசிக்கு அந்த வால் தெரியும். அவள் வகுப்பில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பறவைப் படம் ஒட்டியிருந்தது. டீச்சர் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் அந்தப் படத்தைத்தான் பார்ப்பாள். எத்தனை கேள்விகள், எத்தனை முறை பார்த்திருப்பாள். துடுப்புவால் கரிச்சான். சோலைகளில் வாழும். மற்றப் பறவைகளின் குரலில் கத்தும்.

மற்றப் பறவைகளின் குரலில் என்றுதான் படத்தில் போட்டிருந்தது. அப்பாவின் குரலில் என்று போடவில்லை.

அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து மேலே காட்டினாள். சரியாக அந்த நேரம் பறவை அலகைத் திறந்தது. இரண்டு குட்டை விசில்.

அப்பா தடியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“அடேய், என்ற விசிலையே களவாண்டுட்டியேடா” என்றார் பறவையிடம்.

ஆனால் அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைக்கும்தான்.

அப்பா போய்ச் சொன்னதும் ராஜசேகர் நம்ப முடியாமல் பார்த்தார். அப்புறம் சசியிடம் திரும்பி, நீ பார்த்தாயா என்று கேட்டார். சசி தலையாட்டினாள். எப்படி இருந்தது, சொல் என்றார். பறவையின் குடுமி, வால், கிளை எல்லாம் சசியின் கண் முன்னே இருந்தன. வார்த்தைதான் வரவில்லை. பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று அவள் வாயையே பார்த்தார்கள். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

“இன்னிக்குக் குருவி விசிலடிக்குது. நாளைக்கு அணில் வந்து கொழுந்து எடை போடும்” என்றார் காளியம்மாள்.

ராஜசேகர் சிரிக்கவில்லை. நியாயம் பார்த்துச் சோலை ஓரத்துக்கே வந்து கொஞ்ச நேரம் காத்திருந்தார். துடுப்புவால் கரிச்சான் அதே கிளையில் வந்து உட்கார்ந்தது. எல்லாரையும் பார்த்தது. வாயே திறக்கவில்லை. சசியைப் போலவே அதற்கும் கூச்சம் வந்துவிட்டதோ என்னவோ.

இந்த வாரம் வரைக்கும் ஆபீசில் சொல்லிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ராஜசேகர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சசி தினமும் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து சோலை நன்றாகக் கேட்கும், அந்த மரமும் தெரியும். பறவை கத்தக் கத்த அவள் கவனித்தாள். அது கண்டபடி கத்தவில்லை. அதற்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் விசில். அடுத்தது கழுகு. அதற்கடுத்தது தவிட்டுக்குருவிச் சண்டை. ரேடியோவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டு வருவது போல. எப்போதாவது ஒரு நாள் வரிசை மாறும். பெரும்பாலும் மாறாது.

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பனி மிகவும் அடர்த்தியாக இருந்தது. சசி டீத்தூக்கோடு ரோட்டுக்கு வந்தபோது பாறையும் தெரியவில்லை, சோலையும் தெரியவில்லை. கீழே பெண்களின் தலைத்துணிகள் மட்டும் வெள்ளையில் அங்கங்கே மிதந்தன.

வலது பக்கம், பாறையிலிருந்து, மூன்று நீள விசில் வந்தது.

சசிக்கு அது அப்பா என்று தெரிந்தது. பெண்களுக்குத் தெரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மெதுவாக ஏறி வந்தார்கள். யாரும் ஓடவில்லை. காளியம்மாள் கடைசியாக வந்தார். இனிமேல் மாடே வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டால்தான் ஏறுவேன் என்றார்.

விசில் சத்தம் கேட்டு ராஜசேகரும் பைக்கில் வந்து நின்றார். யாரும் மாட்டைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் வாடியது. “ஆபீசுலயும் சொல்லிப் பாத்துட்டேன். இனி நான் என்ன பண்ணட்டும்?” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது இரண்டு குட்டை விசில் கேட்டது.

“போச்சாம். இல்லாத மாடு போயிருச்சாம். வாங்க இறங்கலாம்” என்று சொல்லி, காளியம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் காலை வைத்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

சசி சட்டென்று திரும்பினாள். இந்த விசில் இடது பக்கத்திலிருந்து வந்தது. சோலைப் பக்கம். மேலேயிருந்து.

அப்பா இன்னும் ஊதவில்லை. அப்படியென்றால் மாடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பதில் தொண்டைவரை வந்தது. வழக்கம்போல அங்கேயே உட்காரப் பார்த்தது. சசி அதற்குக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய்க் காளியம்மாளின் பையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டீத்தூக்கு கீழே விழுந்து உருண்டது.

“போகாதீங்க அத்தை. அது அப்பா இல்லீங்க.”

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் சசி பேசியதே பெரிய அதிசயமாக இருந்ததால் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

“பின்ன யாரு?” என்றார் ராஜசேகர்.

“அந்தப் பறவைங்க. இப்பக் கழுகு மாதிரிக் கத்தும் பாருங்க. அதே மரத்துல இருந்து.”

எல்லாரும் காது கொடுத்தார்கள். பனித்துளி இலையில் சொட்டும் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. சசி பையை இன்னும் விடவில்லை. இன்றைக்குப் பார்த்து வரிசை மாறிவிட்டால்? அன்றைக்கு மாதிரி வாயையே மூடிக்கொண்டால்?

காளியம்மாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து பிரிக்கத் தொடங்கினார். “விடு கண்ணு, நேரமாச்சு” என்றார்.

இடது பக்கம் கழுகு கூவியது.

எல்லாருடைய தலையும் மேலே போனது. மேலே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

“இந்த மூட்டத்துல கழுகு பறக்காதுங்க” என்றாள் சசி. ஒருமுறை திறந்த வாய் இப்போது நிற்கவில்லை. “அடுத்தது தவிட்டுக்குருவி. ஒரு கூட்டமே சண்டை போடற மாதிரி.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் மர உச்சியில் சண்டை தொடங்கியது. கீச்சு கீச்சென்று ஒரு கூட்டமே கத்தியது. ஒற்றை ஆளாக.

யாரும் சிரிக்கவில்லை. காளியம்மாள் பாதையில் வைத்த காலை மெதுவாகப் பின்னால் எடுத்தார்.

“அப்படின்னா மாடு?” என்று கேட்டார் அம்மா.

கேட்டதற்குப் பதில் போலக் காற்று வீசியது. பனி ஒரு திரை விலகுவது மாதிரி விலகியது. பாதைக்குக் கொஞ்சம் கீழே, காளியம்மாள் காலையில் பறித்துக்கொண்டிருந்த வரிசையில், ஒரு பெரிய கறுப்புப் பாறை இருந்தது. நேற்று அங்கே பாறை கிடையாது.

பாறை எழுந்து நின்றது. நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை போட்டது போலிருந்தது. வளைந்த கொம்புகளில் தேயிலைச் சருகு ஒட்டியிருந்தது. அது மூக்கைத் தூக்கி ஒரு முறை பெருமூச்சு விட்டது. அந்த மூச்சின் ஆவிகூட ரோட்டிலிருந்து தெரிந்தது.

ராஜசேகர் பைக்கின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் சசியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அது காளியம்மாள்தான்.

காட்டெருமைக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை. இரண்டு வாய் புல்லைக் கடித்தது. தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஆடி அசைந்து நடந்தது. சோலைக்குள் நுழைந்து மறைந்தது.

வலது பக்கம், பாறையிலிருந்து, இரண்டு குட்டை விசில் வந்தது.

எல்லாரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். அம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முதலில் அழுகிறார் என்று சசி பயந்தாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டும் கலந்து வந்தது.

அப்போது இடது பக்கமிருந்தும் இரண்டு குட்டை விசில் வந்தது. நானும் இருக்கிறேன் என்பது போல.

பெண்கள் சிரித்த சிரிப்பு மலை முழுக்கக் கேட்டது.

ராஜசேகர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சசியின் அருகில் வந்தார். “அடுத்து என்ன வரும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கழுகுங்க” என்றாள் சசி.

கழுகு வந்தது.

“இனி அணில் வந்து எடை போட்டாக்கூட நான் நம்பறேன் சாமி” என்றார் காளியம்மாள்.

அப்பா பனிக்குள்ளிருந்து சாய்ந்து சாய்ந்து ஓடி வந்தார். பாதையில் யாரும் இறங்கவில்லை என்று பார்த்ததும்தான் நடக்கத் தொடங்கினார். பனி கொஞ்சம் விலகியபோது மாட்டைப் பார்த்துத்தான் முதலில் ஊதினாராம். பறவை இரண்டு குட்டை விசில் கொடுத்ததும், பெண்கள் இறங்கிவிடுவார்களே என்று தன் விசிலை எடுத்து மூன்று நீளம் ஊத நினைத்தாராம். ஆனால் மாடு ரோட்டுக்கு மிக அருகில் இருந்தது. மிரண்டு ரோட்டுப் பக்கம் ஓடிவந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து நின்றாராம். சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

ராஜசேகர் அவருக்குத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். “நாளைக்கும் நீங்கதான் வரோணும்ணா” என்றார். அப்பா பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவர் முகத்தில் பல நாள் இருந்த சுருக்கம் ஒன்று காணாமல் போயிருந்தது.

இனி பறவையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ராஜசேகர் சோலை ஓரத்தில் பட்டாசு வெடித்துத் துரத்திவிடலாம் என்றார்.

“வேண்டாங்க” என்றாள் சசி. “அந்த மரத்துல கூடு கட்டியிருக்குது. ஜோடி ரெண்டும் மாத்தி மாத்தி உக்காருதுங்க.”

அது நம்மைக் கேட்டா கற்றுக்கொண்டது, பாவம், நாம் ஊதினோம், அது கேட்டது என்று காளியம்மாளும் சேர்ந்துகொண்டார். குஞ்சு பொரிக்கிற நேரத்தில் யாரையும் துரத்தக் கூடாது என்று மற்றப் பெண்களும் சொன்னார்கள். பட்டாசுப் பேச்சு அத்தோடு போனது.

விசிலுக்குப் பதில் போனில் கூப்பிடலாமா என்றால், அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. சிவப்புக் கொடி காட்டலாமா என்றால், இன்றைக்கு மாதிரிப் பனியில் கொடியும் தெரியாது, கொடி பிடித்த ஆளும் தெரியமாட்டார்.

சசி யோசித்தாள். அந்தப் பறவை பாடுகிறது எல்லாம் தொண்டையில் இருந்து வருகிற சத்தம். விசில், கூவல், கீச்சு. லைன் வீடுகளில் தினமும் பாத்திரம் விழுகிறது, கோடாலியால் விறகு பிளக்கிறார்கள். அதையெல்லாம் அது ஒரு நாளும் செய்து அவள் கேட்டதில்லை.

“டின்னைத் தட்டிப் பாக்கலாங்களா?” என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் பனி இல்லை. பளிச்சென்று வெயில். அப்பா பாறையில் ஒரு பழைய பெயிண்ட் டின்னையும் கட்டையையும் வைத்திருந்தார். மாடு எதுவும் இல்லை. எல்லாருக்கும் சத்தம் பழக வேண்டும் என்று ஒரு முறை தட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. சசி அம்மாவின் பக்கத்தில் தேயிலைக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

டம். டம். டம்.

சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டுச் சோலைப் பக்கம் பார்த்தார்கள். யாரும் அப்படிப் பார்க்கச் சொல்லவில்லை.

துடுப்புவால் கரிச்சான் அதன் கிளையில் இருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டது. அப்புறம் மறுபக்கம் சாய்த்துக் கேட்டது.

அப்பா மறுபடியும் தட்டினார். டம். டம். டம்.

பறவை அலகைத் திறந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காளியம்மாள் வாய்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அது அலகை மூடியது. டின்னை ஒரு முறை பார்த்தது. அப்பாவை ஒரு முறை பார்த்தது.

பிறகு, காட்டில் இருக்கிற எல்லார் குரலிலும் பேசத் தெரிந்த அந்தப் பறவை, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எழுந்து சோலைக்குள் பறந்து போனது. இரண்டு கருவண்டுகளும் அதன் பின்னாலேயே போயின.